புதிய விரிவுரையாளர்களுக்குக் கற்பித்தல் பயிற்சி: எல்லாத் துறைக்கும் ஒன்றாகவா, பாடத்துக்குப் பாடம் தனியாகவா?

மாங்குளத்தாள் எழுதியது:

வன்னிப் பக்க வளாகங்களில் படிப்பிக்கிறவர்கள் இந்தக் குழுவில் கன பேர் இருக்கிறீர்கள், அதனால் இங்கேயே கேட்கிறேன். நான் கணினி விஞ்ஞானம் படிப்பிக்கும் தகுதிகாண் விரிவுரையாளர். பணியில் உறுதிப்படுத்த வேண்டும் என்றால் உயர்கல்விக் கற்பித்தல் சான்றிதழ்ப் பாடநெறியை முடித்தே ஆக வேண்டும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். முடித்துவிட்டேன். பௌதிகவியல், கணக்கியல், விவசாயம், இந்து நாகரிகம், தாதியியல் என்று எல்லாத் துறைக்காரரும் ஒரே மண்டபத்தில் இருந்து கற்றல் பேறு (பாடம் முடிய மாணவர் எதைச் செய்யக்கூடியவராக இருக்க வேண்டும் என்ற கூற்று) எழுதினோம், கற்றலைப் படிநிலைகளாகப் பிரிக்கிற புளூமின் வகைப்பாடு படித்தோம், நுண்கற்பித்தல் (சக பயிலுநர் முன் சிறு பாடம் நடத்திப் பார்ப்பது) செய்தோம், ஒருவருடைய வினாத்தாளை மற்றவர் பார்த்தோம். பயன் இல்லை என்று சொல்ல மாட்டேன். கேள்வி கேட்டுவிட்டு நாமே பதில் சொல்லாமல் கொஞ்சம் பொறுத்திருந்தால் பிள்ளைகள் வாய் திறப்பார்கள் என்பதை அங்கேதான் கற்றுக்கொண்டேன், இன்றும் அது கைகொடுக்கிறது.

ஆனால் என் வகுப்பில் வருகிற சிக்கல் வேறு. முதலாம் வருடச் செய்நிரலாக்க வகுப்பில் பலகையில் 'எக்ஸ் = எக்ஸ் + 1' என்று எழுதினேன். கணிதப் பிரிவில் நல்ல பெறுபேற்றோடு வந்த பிள்ளை ஒருத்தி எழும்பி, "மிஸ், இரண்டு பக்கமும் எக்ஸை வெட்டினால் பூச்சியம் சமன் ஒன்று என்று வருகுதே, இது எப்படிச் சரி?" என்று கேட்டாள். முற்றிலும் நியாயமான கேள்வி. பதின்மூன்று வருடம் பள்ளிக்கூடத்தில் அந்தக் குறிக்குச் 'சமன்' என்ற ஒரே பொருளைத்தான் அவள் பார்த்திருக்கிறாள். வலப்பக்கத்தை முதலில் கணித்து, வந்த விடையை இடப்பக்கப் பெட்டியில் போடு என்ற கட்டளை அது என்று பெட்டி வரைந்து காட்டி விளங்கப்படுத்த அந்த மணித்தியாலம் முழுக்கப் போயிற்று. அடுத்த கிழமை இரண்டு மாறிகளின் பெறுமானங்களை இடம் மாற்றச் சொன்னேன். பாதி வகுப்பு 'ஏ = பி' என்றும் அடுத்த வரியில் 'பி = ஏ' என்றும் எழுதி வைத்திருந்தது, பழைய ஏ எங்கே போனது என்று யாரும் கேட்கவில்லை.

செய்நிரலாக்கம் படிப்பிக்கிற எல்லா நாட்டிலும் இதே குழப்பம் இதே இடத்தில் வருகிறது, இதைப்பற்றி நிறைய ஆராய்ச்சியும் உண்டு. அது அந்த மண்டபத்தில் பேசப்பட வழியே இல்லை. என் பக்கத்தில் இருந்தவர் தாதியியல். கேள்வி இதுதான்: இந்தப் பயிற்சி பொதுவாக இருப்பது சரியா, பாடவாரியாக இருக்க வேண்டுமா?

குளக்கட்டு எழுதியது:

தங்கச்சி, நான் விவசாயம். இருபது வருடத்துக்கு மேலாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், அப்படிப்பட்ட பாடநெறிகளில் வளவாளராகவும் போயிருக்கிறேன். பொதுப் பயிற்சிக்காக இரண்டு வார்த்தை பேச விடுங்கள்.

இது வருவதற்கு முந்திய காலத்தை நீங்கள் பார்க்கவில்லை. முதல் வகுப்புச் சித்தி எடுத்தவரை மறு மாதமே விரிவுரை மண்டபத்துக்குள் தள்ளிவிடுவார்கள். தனக்குப் படிப்பித்த பேராசிரியர் எப்படிக் குறிப்பு வாசித்தாரோ அப்படியே அவரும் வாசிப்பார். பிள்ளைகள் எழுதுவார்கள். ஒரு நாளும் யாரும் "இவர்களுக்கு விளங்கியதா" என்று கேட்டதில்லை. அந்தக் கேள்வியைக் கேட்க வைத்தது பொதுப் பயிற்சிதான். கிரஹாம் கிப்ஸும் மார்ட்டின் கோஃபியும் 2004இல் வெளியிட்ட ஆய்வை எடுத்துப் பாருங்கள், 8 நாடுகளில் 22 பல்கலைக்கழகங்கள். பயிற்சி பெற்றவர்கள் ஒரு வருடத்தில் மாணவரை மையமாக வைத்துச் சிந்திக்கிற பக்கம் நகர்ந்திருக்கிறார்கள். பயிற்சி கிடைக்காதவர்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள், சில விடயங்களில் இன்னும் பின்னுக்குப் போனார்கள். பின்னுக்குப் போனதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஒன்றும் செய்யாமல் விட்டால் ஆள் தானாகத் தேறுவான் என்ற நம்பிக்கை பிழை.

இன்னொன்று, கலந்த மண்டபத்துக்கு ஒரு பலம் இருக்கிறது. நீங்கள் நுண்கற்பித்தல் செய்யும்போது முன்னால் இருக்கிற தாதியியல்காரிக்கு உங்கள் பாடம் தெரியாது, அதனால் எங்கே நீங்கள் ஒரு படியைத் தாண்டிப் பாய்ந்தீர்கள் என்பதை அவர்தான் பிடிப்பார். உங்கள் துறைக்காரர் பிடிக்க மாட்டார், அவரும் உங்களோடு சேர்ந்து பாய்ந்திருப்பார்.

கடைசியாக, எங்கள் ஊர் நிலவரம். ஒரு துறைக்கு ஒரு வருடத்தில் புதிதாக எத்தனை பேர் வருகிறார்கள்? ஒருவர். சில வருடம் ஒருவரும் இல்லை. அவருக்கு மட்டும் பாடவாரிப் பயிற்சியை யார் நடத்துவது?

அலைநீளம் எழுதியது:

குளக்கட்டு அண்ணா, உங்கள் முதல் பகுதியோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் 'பாடம் தெரியாதவர்தான் பிடிப்பார்' என்பதைப் பாதிதான் ஏற்றுக்கொள்வேன்.

பௌதிகவியலில் இருந்து சொல்கிறேன். மேலே எறிந்த பந்து ஏறிக்கொண்டிருக்கும்போது அதன் மேல் என்ன விசைகள் தாக்குகின்றன என்று முதல் வருடத்தாரிடம் கேளுங்கள், காற்றுத் தடையை விட்டுவிடச் சொல்லியும் கேளுங்கள். புவியீர்ப்பு ஒன்றுதான் விடை. உயர்தரத்தில் ஏ எடுத்தவர்களிலும் பலர் 'கையால் கொடுத்த விசை இன்னும் மேல்நோக்கி இருக்கிறது, அது குறைந்துகொண்டு போகிறது' என்று எழுதுவார்கள். அதே பிள்ளைகள் அதே பந்துக்கு வேகம், உயரம், நேரம் எல்லாம் சமன்பாட்டில் போட்டுச் சரியாகக் கணித்தும் தருவார்கள். கணக்கு சரி, எண்ணம் பிழை. இதைப் பாடம் தெரியாத ஒருவர் மண்டபத்தில் இருந்து பிடிக்கவே முடியாது, ஏனென்றால் அவருக்கும் அதே எண்ணம்தான் இருக்கும்.

இதை வெளியே கொண்டு வருவதற்கென்றே 1992இல் ஹெஸ்டீன்ஸ் குழுவினர் விசை பற்றிய எண்ணக்கருச் சோதனை ஒன்றை வெளியிட்டார்கள், இன்று பயன்படுவதில் 30 வினா. பாடம் தொடங்க முன்னும் முடிந்த பின்னும் அதைக் கொடுத்து எவ்வளவு முன்னேறினார்கள் என்று பார்க்கலாம். ரிச்சர்ட் ஹேக் 1998இல் 62 பாடநெறிகளில் 6,542 மாணவரின் தரவை எடுத்துப் பார்த்தார். முன்னேற இடமிருந்த அளவில் வழமையான விரிவுரை வகுப்புகள் சராசரியாக 0.23 பங்குதான் முன்னேறின, மாணவரைப் பேசவும் யோசிக்கவும் வைத்த வகுப்புகள் 0.48. இரண்டு மடங்கு. அமெரிக்காவில் புதிய பௌதிகவியல், வானியல் விரிவுரையாளர்களுக்கென்று 1996இல் இருந்து தனிப் பட்டறை நடக்கிறது, கணிதக்காரருக்கு 1994இல் இருந்து புரொஜெக்ட் நெக்ஸ்ட். அங்கே போகிறவர் திரும்பி வரும்போது திங்கட்கிழமை வகுப்பில் கேட்கக்கூடிய கேள்விகளோடு வருகிறார். எங்கள் ஆட்கள் கற்றல் பேறு எழுதும் வினைச்சொற்களின் பட்டியலோடு வருகிறார்கள்.

லீ ஷுல்மன் 1986இல் சொன்னது இதைத்தான். பாட அறிவு ஒன்று, கற்பிக்கும் பொது அறிவு ஒன்று, இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒன்று இருக்கிறது: இந்தப் பாடத்தில் பிள்ளை எங்கே இடறும், எந்த உதாரணம் எடுபடும், எது குழப்பும் என்ற அறிவு. அதை எங்களுக்கு யாரும் தருவதில்லை.

ஐந்தொகை எழுதியது:

கணக்கியல் பக்கத்தில் இருந்து ஒன்று சேர்க்கிறேன். பெறுமானத்தேய்வு. இரண்டாம் வருடப் பிள்ளைகள் கூட அதைப் புதிய இயந்திரம் வாங்குவதற்காக ஒதுக்கி வைக்கிற காசு என்றே நினைத்திருப்பார்கள். நேர்கோட்டு முறையில் வருடா வருடம் எவ்வளவு என்று பிழையில்லாமல் கணித்துத் தருவார்கள், அப்புறம் "அப்படியானால் அந்தக் காசு எந்தக் கணக்கில் இருக்கிறது மிஸ்" என்று கேட்பார்கள். ஒரு காசும் எங்கும் போகவில்லை, இயந்திரத்துக்கு ஏற்கெனவே கொடுத்த விலையை அது உழைக்கிற வருடங்களுக்குப் பிரித்துப் போடுகிறோம், அவ்வளவுதான். காசுப்பாய்ச்சல் கூற்றில், இலாபத்தில் தொடங்கிக் காசைக் கணிக்கிற நேரில் முறையில், அதைத் திருப்பிக் கூட்டுகிற இடத்தில்தான் இந்தப் பிழையெண்ணம் வெடிக்கும், அதுவும் ஒரு வருடம் கழித்து, வேறொருவருடைய வகுப்பில்.

நான் போன பயிற்சியில் என் வினாத்தாளைப் பார்த்தவர்கள் கற்றல் பேறோடு பொருந்துகிறதா, புள்ளி ஒதுக்கீடு போட்டிருக்கிறதா, மொழி தெளிவா என்று பார்த்தார்கள். எல்லாம் இருந்தது. 'இந்த வினாவுக்கு விளங்காமலே முழுப் புள்ளி எடுக்கலாமே' என்று சொல்லக்கூடிய ஆள் அந்த அறையில் இல்லை.

உத்திரம் எழுதியது:

பொறியியல். எங்களுக்கு நிலைமை கொஞ்சம் வேறு, அதையும் பதிந்துவிடுகிறேன். இலங்கைப் பொறியியலாளர் நிறுவகம் 2014இல், பொறியியல் பட்டங்களை நாடுகளுக்கிடையே ஏற்றுக்கொள்கிற வாஷிங்டன் உடன்படிக்கையில் முழு உறுப்பாகச் சேர்ந்த பிறகு, தரச் சான்றுக்காகப் பேறு அடிப்படையிலான கல்வி என்பதைத் துறைக்குள்ளேயே செய்ய வேண்டி வந்தது. கிளிநொச்சியில் பொறியியல் பீடம் தொடங்கியதும் அதே 2014. ஆகவே கற்றல் பேறு என்று பொதுப் பயிற்சியில் சொல்வது எங்களுக்கு வெறும் படிவமாக நிற்கவில்லை, ஒவ்வொரு பாடத்திலும் எந்தப் பேற்றுக்கு என்ன சான்று என்று உட்கார்ந்து காட்டியாக வேண்டும். பொதுவான சொல் எங்கள் பாடத்துக்குள் இறங்கியது அப்படி ஒரு கட்டாயம் இருந்ததால்தான்.

ஆனால் ஒரு ஆபத்தையும் சொல்கிறேன். பாடவாரி என்று விட்டால் 'எங்கள் துறையில் இப்படித்தான்' என்று மூத்தவருடைய பழக்கமே பயிற்சியாகிவிடும். கணக்குப் போட்டு ஒரு கூட்டத்தைப் பெயிலாக்கினால்தான் தரம் என்று நம்புகிற மூத்தவர் ஒருவர் துறையில் இருந்தால், புதிதாக வருகிறவர் அதைத்தான் பிடித்துக்கொள்வார். வெளியாள் ஒருவர் "ஏன் இவ்வளவு பேர் பெயில்?" என்று கேட்பது தேவை. ஃப்ரீமன் குழுவினர் 2014இல் விஞ்ஞான, பொறியியல், கணிதப் பாடங்களில் 225 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, வெறும் விரிவுரையில் பெயில் வீதம் நூற்றுக்கு 33.8, மாணவரை ஈடுபடுத்திய வகுப்புகளில் 21.8. இந்த வித்தியாசம் பாடத்தின் கடினத்தால் வந்தது அல்ல, வகுப்பு நடத்திய விதத்தால் வந்தது.

கரும்பலகை எழுதியது:

நான் பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கவில்லை. ஓய்வு பெற்ற ஆசிரிய ஆலோசகர், முல்லைத்தீவு, வவுனியா இரண்டு மாவட்டங்களிலும் வேலை செய்திருக்கிறேன். வாசிக்க வாசிக்க ஒரு விடயம் மனதை உறுத்துகிறது, சொல்லிவிடுகிறேன்.

ஆறாம் வகுப்புக்குக் கணிதம் படிப்பிக்கப் போகிற பிள்ளை வவுனியா தேசிய கல்வியியற் கல்லூரிக்குப் போனால் மூன்று வருடம். இரண்டு வருடம் உள்ளே இருந்து கல்வி உளவியலும் படிக்கிறார், கணிதம் கற்பிக்கும் முறையும் தனியாகப் படிக்கிறார். மூன்றாம் வருடம் பாடசாலையில் கட்டுறுபயிற்சி, விரிவுரையாளர் பின்னால் வந்து கதிரை போட்டு இருந்து பார்ப்பார். வேலைக்கு வந்த பிறகும் கணிதத்துக்கு என்று ஆசிரிய ஆலோசகர் வலயத்தில் இருப்பார், அவரும் வந்து பார்ப்பார். பொதுவா பாடவாரியா என்ற கேள்வியே அங்கே எழுவதில்லை, இரண்டும் இருக்கிறது, அதற்கு மேல் வகுப்புக்குள் வந்து பார்க்கிற ஒரு ஆளும் இருக்கிறார். அதே பிள்ளையிடம் படித்துப் பல்கலைக்கழகம் போகிற மாணவரை அங்கே படிப்பிக்கிறவருக்கு ஏன் அது வேண்டாம் என்று நினைக்கிறோம்?

நான் வகுப்புகளுக்குப் போய்ப் பார்த்த அனுபவத்தில் சொல்வது, கருத்தரங்கில் கேட்டது வகுப்புக்குள் போவது குறைவு. பாடம் தெரிந்த ஒருவர் வகுப்பில் இருந்து பார்த்துவிட்டு, வெளியே மரத்தடியில் நின்று "அந்தப் பின்னக் கணக்கில் மூன்றாம் வாங்கில் இருந்த பிள்ளை என்ன எழுதினாள் என்று பார்த்தீர்களா?" என்று கேட்டால் மட்டும் ஆசிரியர் அடுத்த நாள் மாறுவார். குளத்தின் துருசைத் திறந்துவிட்டு வாய்க்கால் வெட்டாமல் விட்டால் தண்ணீர் வயலுக்குப் போகாது. உங்கள் சான்றிதழ் துருசு.

புதுக்குடியிருப்புப் பெடியன் எழுதியது:

மாணவர் ஒருவரும் எழுதவில்லை என்பதால் எழுதுகிறேன், பிழையாக எடுக்க வேண்டாம்.

உயர்தரம் வரை தமிழில் படித்துவிட்டு வந்தோம். இங்கே விரிவுரை ஆங்கிலத்தில். முதல் இரண்டு அரையாண்டில் விளங்காமல் இருப்பது ஆங்கிலமா பாடமா என்று எங்களுக்கே பிரித்துச் சொல்லத் தெரியாது. வகுப்பில் சிங்கள மொழியில் படித்து வந்த நண்பர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்கும் அதே நிலைதான். விரிவுரையாளர் "எனி குவெஸ்சன்ஸ்?" என்று கேட்டால் ஒருவரும் பேசாததற்குக் காரணம் விளங்கிவிட்டது என்பது அல்ல, கேள்வியை ஆங்கிலத்தில் கட்ட முடியவில்லை. அதை எழுதிக் கொடுக்கச் சொன்ன சேர் ஒருவர் இருந்தார். சிறு துண்டில், எந்த மொழியிலும். அன்றைக்குப் பெட்டி நிறைந்தது.

இது பொதுப் பயிற்சியில் சொல்லித் தரக்கூடியதா பாடத்துக்குரியதா என்று எனக்குத் தெரியாது. ஆனால் வன்னியில் படிப்பிக்கிற எல்லோருக்கும் தேவை.

ஐந்தொகை எழுதியது:

தம்பி, மிக நல்ல பதிவு. நீங்கள் சொன்னதும் கூடப் பாடத்துக்குப் பாடம் மாறும் என்பதைச் சேர்க்கிறேன். கணிதத்தில் குறியீடு பாதிப் பாரத்தைச் சுமக்கும், ஆங்கிலம் தட்டுத் தடுமாறினாலும் பலகையைப் பார்த்துப் பின்தொடரலாம். மனிதவள முகாமைத்துவத்தில் ஒரு சம்பவ ஆய்வை நான்கு பக்கம் வாசித்துத்தான் தொடங்க வேண்டும், அங்கே வாசிப்பே பாடம். இரண்டு பேருக்கும் 'எளிய ஆங்கிலத்தில் மெதுவாகப் பேசுங்கள்' என்ற ஒரே அறிவுரை போதாது.

குளக்கட்டு எழுதியது:

அலைநீளத்தின் பந்து உதாரணம் நன்றாக இருந்தது. ஆனால் நான் இன்னும் ஒரு பக்கம் இழுக்கப் போகிறேன், ஏனென்றால் 'பாடம்' என்று நீங்கள் எல்லோரும் பிரிக்கிற இடம் எனக்குச் சரியாகப் படவில்லை.

மண் விஞ்ஞானச் செய்முறைக்கு வாருங்கள். மண் பக்கத் தோற்றம் பார்க்கக் குழி வெட்டியிருக்கிறோம், நாற்பது பிள்ளைகள் சுற்றி நிற்கிறார்கள், குழிக்குள் எட்டிப் பார்க்கக்கூடியவர் பத்துப் பேர். மற்றவர்கள் முன்னால் நிற்கிறவரின் முதுகைப் பார்த்துக்கொண்டு, நான் சொல்வதைக் குறிப்பெடுக்கிறார்கள். ஈர மண்ணை உருட்டிப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் நாடாவாக நசுக்கி, எவ்வளவு நீளத்தில் முறிகிறது என்று பார்த்துத்தான் மண்ணின் இழையமைப்பைச் சொல்ல வேண்டும். கை பழகாமல் குறிப்பெடுத்துப் பிரயோசனம் இல்லை. களி கூடின மண் நீளமாகப் போகும், மணல் கூடினால் உருட்டவே வராது. ஆகவே குழியைச் சுற்றி நாலு இடத்தில் மண் வாளி, ஈர மண், ஆளுக்கு ஒரு பிடி, அப்புறம் குழியைச் சிறு சிறு குழுவாகப் பார்க்க விடுவது என்று ஒழுங்கு செய்ய வேண்டும். காலபோக மழை தொடங்கினால் குழி நிரம்பிவிடும், அரையாண்டு அட்டவணைக்கு அது தெரியாது, அதையும் யோசிக்க வேண்டும்.

இந்தச் சிக்கலைப் பேச எனக்குச் சரியான ஆள் யார்? என் பீடத்தில் இருக்கிற விவசாயப் பொருளியல்காரரா? அவர் மண்டபத்தில் படிப்பிக்கிறவர். நில அளவைக்குப் பிள்ளைகளை வெளியே கூட்டிக்கொண்டு போகிற உத்திரம்தான் எனக்குச் சரியான ஆள். அவரும் நானும் இருப்பது வேறு வேறு பீடம், ஆனால் கிளிநொச்சி அறிவியல் நகரில் ஒரே வீதி. படிப்பிக்கிற விதத்தால் பிரியுங்கள் என்கிறேன்: வெளிக்களம், ஆய்வுகூடம், கணக்குத் தீர்ப்பது, வாசித்து விவாதிப்பது. பொதுவுக்கும் பாடத்துக்கும் நடுவில் அப்படி ஒரு தட்டு இருக்கிறது, அதை ஒருவரும் பயன்படுத்தவில்லை.

உத்திரம் எழுதியது:

அண்ணா சொன்னது நூற்றுக்கு நூறு. நில அளவையில் கருவிக்கு ஒருவர், குறிப்புக்கு ஒருவர், மற்ற நாலு பேர் மரநிழலில். அதே பிரச்சினைதான். வாருங்கள், கதைப்போம்.

ஒட்டுசுட்டான் எழுதியது:

நான் இங்கிலாந்தில் படிப்பிக்கிறேன், ஊர் ஒட்டுசுட்டான். இந்த விவாதம் இங்கே நடந்து முடிந்த விதத்தைச் சொன்னால் உங்களுக்கு உதவும்.

1997இல் டியரிங் அறிக்கை வந்தது, பல்கலைக்கழக ஆசிரியர்களுக்குப் பயிற்சி வேண்டும் என்று அழுத்திச் சொன்னது. அதற்குப் பிறகு ஒவ்வொரு பல்கலைக்கழகமும் புதியவர்களுக்குப் பொதுச் சான்றிதழ் தொடங்கியது. அதோடு கூட, 2000இல் அரச நிதியோடு 24 பாட மையங்கள் நாடு முழுக்கத் தொடங்கின, பொறியியலுக்கு ஒன்று, உயிரியலுக்கு ஒன்று, வரலாறு, மொழிகள், சட்டம் என்று. ஒரு மையத்தை ஒரு பல்கலைக்கழகம் வைத்திருக்கும், ஆனால் அது எல்லாருக்கும் பொது. புதியவர்களுக்குப் பாடவாரிப் பட்டறை, கேள்வி வங்கி, சிறு நிதி, சந்திப்பு. நல்ல வேலை செய்தவை. 2011இல் நிதி வெட்டில் மூடிவிட்டார்கள். பொதுச் சான்றிதழ் மட்டும் நிலைத்தது.

ஏன் அது நிலைத்தது, பாட மையங்கள் போயின? என் கணிப்பு: பொதுச் சான்றிதழைப் பணி உறுதிப்படுத்தலோடு கட்டிவிட்டார்கள், அதை வெட்டினால் ஆட்சேர்ப்பு விதியே குழம்பும். பாட மையம் ஆர்வம் உள்ளவர்கள் போகிற இடமாக இருந்தது. ஆகவே வன்னியில் எதைத் தொடங்கினாலும், பாடவாரிப் பகுதியை அந்தச் சான்றிதழின் உள்ளேயே வையுங்கள், மதிப்பீட்டின் ஒரு பங்காக. வெளியே விருப்பத்துக்கு விட்டால் முதலாவது காசுத் தட்டுப்பாட்டில் காணாமல் போகும்.

இன்னொன்று. அமெரிக்கப் பௌதிகவியல் பட்டறைகளை அலைநீளம் புகழ்ந்தார், நானும் புகழ்கிறேன். ஆனால் ஹெண்டர்சன், டான்ஸி ஆகியோர் 2012இல் வெளியிட்ட ஆய்வில், புதிய முறையை முயன்று பார்த்த பௌதிகவியல் ஆசிரியர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் பிறகு கைவிட்டிருக்கிறார்கள். பட்டறைக்குப் போவது மட்டும் போதாது, திரும்பி வந்து தனியே நிற்கும்போது விட்டுவிடுகிறார்கள் என்றே நினைக்கிறேன். கரும்பலகை ஐயா சொன்ன, வகுப்புக்கு வந்து பார்க்கிற ஆள் இல்லாததுதான் அங்கேயும் குறை.

அலைநீளம் எழுதியது:

சரி, அப்படியானால் பொதுப் பயிற்சியில் எதைக் குறைத்து இதற்கு இடம் எடுப்பது என்றும் பேச வேண்டும். நான் முதலில் வெட்டுவது 'கற்றல் பாணி'. பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர், செய்து கற்பவர் என்று வினாக்கொத்துக் கொடுத்து ஆட்களைப் பிரிக்கிற அந்த அமர்வு. பாணிக்கு ஏற்பப் படிப்பித்தால் கூடப் படிப்பார்கள் என்பதற்குத் தகுந்த ஆதாரம் இல்லை என்று பஷ்லர் குழுவினர் 2008இலேயே விரிவாக எழுதிவிட்டார்கள். இன்னும் பல இடங்களில் நடக்கிறது. அந்த நேரத்தை 'உங்கள் பாடத்தில் பிள்ளைகள் இடறுகிற ஒரு இடத்தைக் கண்டுபிடித்து வாருங்கள்' என்ற வேலைக்குக் கொடுங்கள்.

கரும்பலகை எழுதியது:

நல்ல யோசனை. ஆனால் ஒரு எச்சரிக்கை. வகுப்புக்கு வந்து பார்க்கிறவர், பணி உறுதிப்படுத்தும் குழுவில் இருக்கக் கூடாது. இருந்தால் அன்றைக்குப் பாடம் நாடகமாகிவிடும், பிள்ளைகளுக்கு முதல் நாளே "நாளைக்கு இன்னார் வருகிறார்" என்று சொல்லி வைத்து, கேள்வியும் பதிலும் ஒத்திகை பார்த்து நடக்கும். நான் போன வகுப்புகளில் அப்படி நடந்ததை எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன், பாவம், ஆசிரியரைக் குறை சொல்ல முடியாது, அவருடைய பதவி உயர்வு என் பேனாவில் இருந்தது. பார்க்கிறவர் வெளிப் பல்கலைக்கழகத்தில் அதே பாடம் படிப்பிக்கிறவராக இருந்தால் நாடகமும் நடக்காது, பாடம் தெரிந்த ஆள் இல்லை என்ற குறையும் தீரும்.

மாங்குளத்தாள் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. நான் வந்து சேர்ந்த இடத்தைச் சொல்கிறேன், ஒத்துவராதவர்கள் மறுத்து எழுதுங்கள்.

பொதுப் பயிற்சியை எடுத்துவிடச் சொல்ல மாட்டேன். முதல் அரையாண்டில் அது தேவை, கலந்த மண்டபமாகவே. ஆனால் அது சான்றிதழின் முதல் பாதியாக மட்டும் இருக்க வேண்டும். இரண்டாம் பாதி வகுப்பறையில் நடக்க வேண்டும், என் பாடத்தில், அந்தப் பாடம் தெரிந்த ஒருவரோடு. துறைக்கு ஒருவர்தான் வருகிறார் என்று குளக்கட்டு அண்ணா சொன்னது உண்மை, ஆனால் நாடு முழுக்க எடுத்தால் ஒரு வருடத்தில் கணினி விஞ்ஞானத்துக்கு மட்டும் ஒரு சிறு வகுப்புக்குரிய ஆட்கள் சேருவார்கள். வவுனியா, கிளிநொச்சி, யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, பேராதனை என்று பிரிந்து இருக்கிறார்கள், அவ்வளவுதான். கொரோனாக் காலத்தில் பல்கலைக்கழகங்களை இணைக்கிற லேர்ன் வலையமைப்பின் சூமில் முழு விரிவுரைகளையே நடத்திய எங்களுக்கு மாதம் ஒரு கூட்டம் நடத்துவது பெரிய வேலை அல்ல. வெளிக்களச் செய்முறைக்காரர் நேரில் சந்தியுங்கள், அது திரையில் சரிவராது.

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு எப்போது விதியை மாற்றும் என்று காத்திருக்க எனக்கு விருப்பமில்லை. அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு, முதலாம் வருடச் செய்நிரலாக்கம் படிப்பிக்கிறவர்களுக்கு மட்டும், எந்தப் பல்கலைக்கழகமானாலும் வரலாம், சூம் இணைப்பை இங்கே போடுகிறேன். மூத்தவர்கள் வந்தால் சந்தோசம், ஆனால் தங்கள் துறையில் புதியவரின் உறுதிப்படுத்தலில் கையெழுத்து வைக்கிறவர்கள் அந்தப் புதியவர் இருக்கிற கூட்டத்துக்கு வர வேண்டாம், கரும்பலகை ஐயா சொன்ன காரணத்துக்காக. முதல் கூட்டத்தில் 'எக்ஸ் = எக்ஸ் + 1' மட்டும்தான். அந்த இடத்தில் உங்கள் பிள்ளைகள் எழுதிய பிழையான விடைகள் சிலவற்றைப் படம் எடுத்துக்கொண்டு வாருங்கள், தமிழிலோ சிங்களத்திலோ ஓரத்தில் கிறுக்கி வைத்த வேலை இருந்தால் அதையும் சேர்த்து எடுங்கள், பிள்ளை எப்படி யோசித்தது என்பது அங்கேதான் தெரியும். ஐந்தொகை அக்கா, பெறுமானத்தேய்வுக்கு நீங்கள் இதே மாதிரி ஒன்று தொடங்கினால் வினாத்தாள் மாதிரிகளைப் பகிர்கிற கோப்புறையை உங்களுக்கும் திறந்து விடுகிறேன்.

படம் எடுக்க முன் விடைத்தாளில் சுட்டெண்ணையும் பெயரையும் மறைத்துவிடுங்கள்.

ஐந்தொகை எழுதியது:

தொடங்குகிறேன். கோப்புறையைத் திறந்து விடுங்கள். எங்களுக்கு ஞாயிறு பின்னேரம்தான் சரிவரும், சனிக்கிழமை வெளிவாரி மாணவர் வகுப்பு இருக்கிறது.